முலாம் பூசிய முள்

என் கணவரின் வலது கையை வெட்ட வந்தவர்கள் முதலில் தண்ணீர் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் யார் வந்து கேட்டாலும் தண்ணீர் இல்லை என்று சொல்வதில்லை. நானும் செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். மூன்று பேரும் அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பை மரியாதையாக மேசையில் வைத்தார்கள். அதன் பிறகுதான் கஜீவன் தன் மோட்டார் சைக்கிளில் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்த வாளை அவிழ்த்தான்.

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிறது எங்கள் இரும்பு ஒட்டுவேலைக் கடை. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. எதிர்க்கடைக்காரர் வாளைக் கண்டதும் தன் தகரக் கதவை இழுத்து மூடினார். அந்தக் கதவுக்கு முந்தின கிழமைதான் நான் புதுக் கீல் ஒட்டிக் கொடுத்திருந்தேன். கீல் நன்றாக வேலை செய்தது.

என் கணவர் கேதீஸ்வரன் ஒரு படகின் விசிறியை வைஸில் இறுக்கிவிட்டு அதிலிருந்த ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகும் விசிறிக்கு யாரோ ஒரு புத்திசாலி பித்தளை ஆணி அடித்திருந்தான். உப்புத்தண்ணீர் பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் மிச்சம் வைக்கும். வெளியே பார்த்தால் ஆணி ஆணியாகவே இருக்கும். தட்டினால் பிட்டுப் போல உதிரும்.

"சுதாகரன் கண் முழிச்சிட்டானோ, தம்பி?" என்று அவர் கஜீவனைக் கேட்டார். முந்தின நாளிலிருந்து அவருக்கு வாயில் அந்த ஒரு கேள்விதான்.

கஜீவன் சட்டைப் பையிலிருந்து முறிந்த காவடி முள்ளின் துண்டொன்றை எடுத்து மேசையில் எறிந்தான்.

"உது ஆர் செய்தது?"

"நான்தான்" என்றார் அவர்.

அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி நான்.

சுதாகரன் கஜீவனின் தமையன். தாய் கமலாவதி வயிற்றுச் சத்திரசிகிச்சையில் பிழைத்து வந்தால் அம்மன் கோயில் திருவிழாவில் வருடாவருடம் தூக்குக்காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் எட்டு முட்களைக் குத்தி, உழவு இயந்திரத்தில் பூட்டிய நீளமான துலாவில் ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு வீதி வீதியாகக் கொண்டுவருவார்கள். போன வருடம் வேறு யாரோ செய்த தடித்த முட்கள் அவனுக்குப் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டன. "மெல்லிசாச் செய்து தாங்கோ அண்ணை" என்று இந்த முறை எங்களிடம் வந்தான்.

மெல்லிய முள் என்றால் சாதாரணக் கம்பி உதவாது. பாரம் ஏற ஏற வளைவு நிமிர்ந்து முள் கழன்றுவிடும். வில்லுருக்குத்தான் வேண்டும், வாகனங்களின் சுருள்வில்லில் வரும் உருக்கு. கேதீஸ்வரன் அதைக் காய்ச்சி வளைத்துக் கூராக்கினார். செக்கச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். மினுக்கிவிட்டு மறுபடி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். அப்போது அதன்மேல் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், ஊதா, கடைசியில் நீலம். நீலத்தில் நிறுத்தினால் முள் வளைந்து கொடுக்கும், முறியாது. வெல்டிங் வெளிச்சம் தின்ற என் கணவரின் கண்ணுக்கு மஞ்சளும் ஒன்றுதான் ஊதாவும் ஒன்றுதான். அதனால் எங்கள் கடையில் பதம் பார்ப்பது நான். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பொம்பிளை பதம் பார்த்த முள் என்று வாங்கமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு சரிதான்.

செய்த ஒவ்வொரு முள்ளிலும் பாரத்துக்குப் பழைய கார் பற்றறி ஒன்றைக் கட்டி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. எடுத்துப் போக வந்த கஜீவனும் அவை கூரை வளையில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தான். மேலதிகமாகச் செய்த ஒரு முள்ளைக் கடையில் வைத்துக்கொண்டு எட்டை அவன் கையில் கொடுத்தோம்.

முந்தின நாள் நான் அர்ச்சனைத் தட்டோடு வீதியோரம் நின்றேன். துலா சந்தியில் திரும்பியது. சுதாகரனின் முதுகில் ஒரு முள் முறிந்தது. அதன் பாரம் மற்ற முட்களுக்குப் பாய, சதை ஒவ்வொரு முள்ளிலும் கிழிந்தது. சீலை கிழிகிற சத்தம்தான், வேறு மாதிரி இல்லை. அவன் தலைகீழாகப் புரண்டு தார் வீதியில் முதுகு அடிபட விழுந்தான். மேளக்காரர்களுக்குத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே நின்றார்கள்.

இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. நீலம் தப்பிவிட்டதா, மண்ணிறத்திலேயே நிறுத்திவிட்டேனா என்று அடுப்படியில் குந்தியிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

இப்போது "நான்தான்" என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே, கஜீவனோடு வந்த தாடிக்காரன் இரும்புக் குழாயால் அவருடைய முழங்காலில் அடித்தான். அவர் சரிந்தார். சரியும்போது தலை வைஸில் மோதிக் காது கிழிந்தது. மூன்றாவது ஆள், சிவப்புத் தொப்பி போட்டவன், விலாவில் மிதித்தான். ஒரு தரம், இன்னொரு தரம். கஜீவன் வாளோடு நின்று பார்த்தான். "செய்த கையை எடுக்காமல் போகமாட்டன்" என்றான்.

நான் பெரிய ஸ்பானரை எடுத்துத் தாடிக்காரனின் தோளில் போட்டேன். அவன் திரும்பி என் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்றுபோய் இரும்புத் தூளுக்குள் விழுந்து கிடந்தபடியே கத்தினேன்.

"பதம் பாத்தது நான்! கை வெட்டுறதெண்டால் என்ரை கையை வெட்டுங்கோடா!"

தொப்பிக்காரன் சிரித்தான். கேதீஸ்வரன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "பொய் சொல்லுறாள் தம்பி. உவளுக்கு உதொண்டும் தெரியாது" என்றார்.

அந்த மனுசனை அப்போதே கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது, அதே ஸ்பானரால் அவருக்கும் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது. சாகப்போகிற நேரத்திலும் எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

எழும்ப மேசையைப் பிடித்தபோதுதான் அந்த முள் என் கண்ணுக்கு நேரே வந்தது. பளபளவென்று கோயில் வெள்ளி மாதிரி மின்னியது. நாங்கள் கொடுத்தது மங்கலான நீல முள். முந்தின நாள் துலாவில் மின்னியதை நான் வெயில் என்றே நினைத்திருந்தேன்.

"கஜீவன், உதுக்கு உந்த மினுக்கம் எப்பிடி வந்தது?"

"யாழ்ப்பாணத்திலை குடுத்துக் குறோம் அடிச்சனான். அம்மாளாச்சிக்கு முன்னாலை என்ரை அண்ணை கறுத்த முள்ளோடையே தொங்குறது? அதுக்கென்ன இப்ப?"

"கறள் எடுக்க அசிட்டுக்குள்ளை போட்டவங்களோ?"

"போட்டிருப்பாங்கள். அதுக்கென்ன எண்டு கேக்கிறன்!"

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் உருப்படியாகப் படித்தது உலோகப் பாடம் ஒன்றைத்தான். கடினமாக்கிய உருக்கை அமிலத்தில் போட்டு மின்சாரத்தால் முலாம் பூசும்போது ஐதரசன் வாயு உருக்குக்குள் புகுந்துவிடும். கையோடு மணிக்கணக்காகச் சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் உருக்கு உள்ளுக்குள்ளே நொந்துபோகும். அடித்தால் தெரியாது, வளைத்தால் தெரியாது. பாரத்தைத் தொங்கவிட்டால் சும்மா தொங்கிக்கொண்டே இருக்கும். பிறகு, யாரும் தொடாத நேரத்தில் முறியும். சாதாரணக் கம்பிக்கு இந்த வருத்தம் வருவதில்லை. வில்லுருக்குக்குத்தான் வரும்.

இதை நான் அவனுக்கு மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். என் முள்ளில் பிழையில்லை என்று தெரிந்த சந்தோசத்தில் யோசியாமல் சொன்னேன். அவன் முகம் மாறுவதைக் கண்ட பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

"அப்ப என்ரை அண்ணையை நானே விழுத்தினனான் எண்டோ சொல்லுறாய்?"

என் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான். முன்பல் ஒன்று உடைந்தது. வெறுமனே முள் முறிந்தது என்று விட்டிருந்தால் நாலு அடியோடு போயிருப்பானோ என்னவோ. இப்போது அவனுக்குக் கையொன்று கட்டாயம் தேவைப்பட்டது. யாரோ ஒருவன் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும், அது அவனாக இருக்கக்கூடாது.

"தம்பி." கேதீஸ்வரன் நிலத்தில் இருந்தபடி கூப்பிட்டார். "மிச்ச முள்ளுகள் எங்கை?"

"ஆஸ்பத்திரியிலை கழட்டித் தந்தவை. பையுக்கை கிடக்கு."

"அதிலை ஒண்டை நீயே எடு. என்னட்டைப் பூசாத முள்ளு ஒண்டு கிடக்கு. ரண்டிலையும் பற்றறியைக் கட்டித் தொங்கவிடு. நீ முந்திப் பாத்தனிதானே. பூசின முள்ளு முறியாட்டில் என்ரை கையை வெட்டு. நான் இழுக்கமாட்டன்."

கஜீவன் அவரைப் பார்த்தான், வளையைப் பார்த்தான். அன்றைக்கு முட்கள் தொங்கியதைக் கண்ணால் கண்டவன் அவன். அந்த ஒரு நினைவுதான் அவன் வாளைத் தடுத்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணைக்கு ஸ்கான் எடுக்கினம். அம்மா ஆஸ்பத்திரியிலையிருந்து போன் எடுக்குமட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

பொலித்தீன் பையிலிருந்து, இரத்தம் காய்ந்த முள் ஒன்றை அவனே தெரிந்தெடுத்தான். அவனே கட்டினான். பக்கத்தில் என் நீல முள்ளையும் கட்டினான். இரண்டு பற்றறிகளும் வளையில் ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றன.

பிறகு காத்திருந்தோம். என் கணவரை இரும்படிக்கும் பட்டடைக்குப் பக்கத்தில் இருத்திக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவருடைய காதிலிருந்து வடிந்த இரத்தம் சட்டைக் கழுத்தில் காய்ந்துபோயிருந்தது. தாடிக்காரன் என் அடுப்படிக்குள் போய் வாழைப்பழம் எடுத்துத் தின்றான். தொப்பிக்காரன் போனில் எதையோ பார்த்துச் சிரித்தான். கஜீவன் மட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாள் அவன் மடியில் கிடந்தது. வீதியில் மீன் வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். தாடிக்காரன் குழாயை என் கணவரின் தலைக்கு மேலே பிடித்தான். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குப் பாடம் தெரியும், ஆனால் முள்ளுக்கு நேரம் தெரியாது. சில துண்டுகள் உடனே முறியும். சில அடுத்த நாள் முறியும். சிலவற்றுக்குள் வாயு போயிருக்கவே போயிருக்காது. இத்தனை வருடமும் நான் பதம் பார்த்த ஒவ்வொரு முள்ளையும் முறியாதே, முறியாதே என்று கும்பிட்டவள். அன்றைக்கு முறி, முறி என்று பல்லுடைந்த வாயால் முணுமுணுத்தேன். தாயே, உனக்கு முன்னால் ஒருவனை விழுத்தினாயே, இந்தப் பற்றறியை விழுத்த உனக்கு என்ன கேடு என்று அம்மனையும் திட்டினேன்.

நிழல் சுருங்கி வாசலுக்கு வந்தது. இரண்டு பற்றறிகளும் ஒன்றுபோலத் தொங்கின.

போன் அடித்தது.

கமலாவதி அம்மாவின் அழுகை எனக்கே கேட்டது. "காலிலை உணர்ச்சியே இல்லையாம் மோனை. இனி அவன் நடக்கமாட்டானாம்." கஜீவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். கடைசியாக ஒருமுறை முள்ளைப் பார்த்தான். அது அசையவில்லை.

"பட்டடையிலை வையுங்கோ" என்றான்.

நான் அவருக்கு மேலே போய் விழுந்தேன். தாடிக்காரன் என் கழுத்தைப் பிடித்து இழுத்துச் சுவரோடு அழுத்தினான். அவனுடைய கையைக் கடித்தேன், உடைந்த பல்லாலும் கடித்தேன். தொப்பிக்காரன் கட்டை அவிழ்த்து வலது கையைப் பட்டடையில் அழுத்திப் பிடித்தான். கேதீஸ்வரன் சொன்ன வாக்குப்படி கையை இழுக்கவில்லை. அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. இழுத்திருக்கலாம். மிருகங்களுக்கு என்ன வாக்கு?

கஜீவன் அழுதுகொண்டுதான் வெட்டினான். அழுதால் என்ன, சிரித்தால் என்ன. வாள் நாலு விரல்களையும் அறுத்துக்கொண்டு பட்டடையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. அது லொறியின் வில்லுத் தட்டில் அடித்துச் செய்த வாள், நல்ல உருக்கு. அதற்கு ஒருவரும் முலாம் பூசவில்லை.

என் கணவர் போட்ட சத்தத்தில் தாடிக்காரனே பயந்து என்னை விட்டான். அவனும் தொப்பிக்காரனும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறி ஓடிவிட்டார்கள். நான் சீலைத் தலைப்பைக் கிழித்து அவருடைய மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். "ஆராவது வாங்கோ! ஓட்டோ பிடியுங்கோ!" என்று வீதியைப் பார்த்துக் கத்தினேன். எதிர்க்கடைக் கதவு அசையவில்லை. கஜீவன் வாளோடு நின்ற இடத்திலேயே நின்றான்.

அப்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குண்டூசி விழுகிற அளவு சின்னச் சத்தம். அடுத்த கணம் பற்றறி தொப்பென்று சீமெந்தில் விழுந்து பிளந்தது. நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். வளையில் நீல முள்ளும் அதன் பற்றறியும் தொங்கிக்கொண்டிருந்தன. மற்றக் கயிற்றில் பளபளக்கும் அரை முள் மட்டும் ஆடியது.

கஜீவன் அதன் கீழே போய் நின்றான். வாள் கையிலிருந்து விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா" என்றான். "எட்டையும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். வடிவா இருக்கட்டும் எண்டு."

வாளை எடுத்து அவனுடைய கழுத்தில் போடவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எடுக்கவும் எடுத்தேன். என் கணவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துக்கொண்டு வந்தது. அவரைத் தூக்க எனக்கு ஒருத்தியால் முடியாது. அந்தக் கடையில் தூக்குவதற்கு அவனைத் தவிர வேறு ஆளில்லை.

"அவரைத் தூக்கடா" என்றேன்.

அவன் தூக்கினான். ஒரு குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீதிக்கு ஓடினான். துறைமுகத்தில் மீன் இறக்கிவிட்டு வந்த ஓட்டோ ஒன்றை நடுவீதியில் நின்று மறித்தான். நான் நாலு விரல்களையும் இரும்புத் தூளுக்குள்ளிருந்து பொறுக்கிப் பையொன்றில் கட்டினேன். ஓட்டோக்காரனின் பெட்டியில் மீன் ஐஸ் மிச்சம் இருந்தது. பையை அதற்குள் வைத்தேன். முறிந்த இரண்டு முட்களின் துண்டுகளையும் எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணம் போகும்வரை என் கணவரின் தலை என் மடியில் கிடந்தது. கஜீவன் சாரதிக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, விரல் ஒட்டுமோ?"

"இரும்பெண்டால் நானே ஒட்டியிருப்பன்" என்றேன்.

அவன் திரும்பி ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கமலாவதி அம்மா மூத்த மகனின் உடுப்புப் பையோடு குந்தியிருந்தார். என் கணவரைத் தள்ளுவண்டிலில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஐஸ் பெட்டியும் பின்னால் ஓடியது. கஜீவனின் சட்டை முழுக்க இரத்தத்தைக் கண்டு தாய் பதறி எழும்பினார்.

"என்ன மோனை இது? ஆற்றை ரத்தம்?"

அவன் என்னைப் பார்த்தான். என்ன சொல்வது என்று நான் எடுத்துக்கொடுப்பேன் என்று நினைத்தானோ தெரியாது. முறிந்த முட்களை அவனுடைய உள்ளங்கையில் வைத்து, கூர் இறங்கும்வரை விரல்களை அழுத்தி மூடினேன். அவன் கையை இழுக்கவில்லை.

"கொம்மாவுக்கு நீயே சொல்லு. பிறகு மேலை வாட்டிலை கிடக்கிற கொண்ணைக்கும் போய்ச் சொல்லு."

என் கணவரைக் கொண்டுபோன பக்கம் நான் ஓடினேன். எனக்குப் பின்னால் அவன் சொல்லத் தொடங்கினான். "அம்மா, முள்ளுக்கு முலாம் பூசினது நான்." அவ்வளவுதான் கேட்டது. கதவு மூடிய பிறகு அந்தத் தாய் வைத்த ஒப்பாரி மட்டும் உள்ளேயும் வந்தது.